நான்கு சிவப்புப் புள்ளிகள்

பயப்படுவதற்குப் படிப்பு ஒரு தடையே இல்லை. படித்தவள் ஆதாரத்தோடு பயப்படுவாள், அவ்வளவுதான்.

புனேவுக்குக் குடிவந்து மூன்று மாதம். வானவடியில் ஒரு மழலையர் பள்ளியில் மகள் இலாவைச் சேர்த்திருந்தோம். நாலு வயது, இந்தி தெரியாது. "யார்கூட விளையாடினே?" என்று கேட்டால், "சுவர்கூட" என்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளியிலிருந்து தினமும் ஒரு வகுப்புப் படம் கைபேசிக்கு வரும். யார் பக்கத்தில் யார் என்று இருபது நாள் குறித்தேன். பதினான்கு பிள்ளைகள், பெயர் எழுதிய பதினான்கு புள்ளிகள். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு கோடு. இரண்டு கூட்டமாகப் பிரிக்கக் கணினியிடம் சொன்னேன். பிரித்தது. பத்து நீலப் புள்ளிகள், ஓரத்தில் நான்கு சிவப்பு. அதில் ஒன்று என் பிள்ளை.

"ஒதுக்கிட்டாங்கங்க" என்றேன் கணவரிடம்.

"சுதா, உன் ஆராய்ச்சியே இதானே? கோடுகளை வச்சு கூட்டம் இருக்கான்னு எல்லா நேரமும் சொல்ல முடியாதுன்னு நீதானே..."

"பெத்தவளுக்குத்தான் தெரியும்."

(அவர் சொன்னது சரி. கூட்டத்துக்குள் உள்ள கோடுகளும் வெளியே போகும் கோடுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், கூட்டம் நிஜமாகவே இருந்தாலும் எந்தக் கணக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பிரி என்றால் கணினி எதையும் பிரித்துக் காட்டும். நான்கு வருடமாக நான் படிப்பது இதைத்தான்.)

பெற்றோர் கூட்டத்தில் அந்தப் புள்ளிப் படத்தை அச்சிட்டு டீச்சரின் மேஜையில் வைத்தேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், யே லால் வாலே கௌன்?" இந்தச் சிவப்பெல்லாம் யார் என்கிறார்.

யாரும் சேர்க்காத பிள்ளைகள் என்று இந்தியில் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டேன்.

டீச்சர் இழுப்பறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பதினான்கு மடித்த சீட்டுகள். "ரோஜ் சிட்டி நிகால்தே ஹை, மேடம்." தினமும் காலையில் சீட்டுக் குலுக்கித்தான் இடம் கொடுப்பாராம், பிள்ளைகள் கூட்டம் சேராமலிருக்க.

குலுக்கல் சீட்டில் நான் சதி கண்டுபிடித்திருந்தேன்.

ஓடிவிடலாம் என்று படத்தைத் தேடினால், அது மேஜையில் இல்லை. மற்ற மூன்று சிவப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் கையில் இருந்தது. "மேரா ஆரவ் லால் மே க்யூ ஹை?" என்று ஒருத்தி கேட்டாள், தன் மகன் ஏன் சிவப்பில் என்று. அவள் முகம் என்னுடையதைவிட வெளிறியிருந்தது. சீட்டு விஷயத்தை என் இந்தியில் விளக்க விளக்க, அவர்கள் இன்னும் பயந்தார்கள். அன்று மாலையே சிவப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கென்று தனி வாட்ஸ்அப் குழு தொடங்கியாயிற்று. சனிக்கிழமைதோறும் நாலு பிள்ளைகளும் பூங்காவில் சேர்ந்து விளையாட வேண்டும் என்று முடிவு. அட்மின், நான்.

இப்போது அந்த நால்வரையும் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டுச் சோபா மேல் குதிக்கும்போது, இதெல்லாம் யார் என்று விருந்தாளிகள் கேட்பார்கள். கணவர் நிதானமாகச் சொல்வார்: "சுதா கண்டுபிடிச்ச கூட்டம். அதுக்கு முன்னாடி இது இல்ல."