மாமியார் வீட்டுக்குப் போகும் சிக்னல்

மனைவி தானாக வரவேண்டும், தான் முதலில் வாயைத் திறப்பதில்லை. இது சிக்னல்காரரின் சபதம்.

அந்தப் பள்ளத்துத் தெருவுக்கு செல்போன் கோபுரத்து சிக்னல் எட்டாது. வீட்டுக்கு வீடு வைஃபை பெட்டி மாட்டி, ஒரு பெட்டி வாங்கிய சிக்னலை அடுத்த பெட்டிக்குக் கைமாற்றிவிட்டு, கடைசி வீடுவரை இணையத்தைக் கொண்டுபோனவர் அவர்தான். "ஒரு பெட்டி படுத்தா பக்கத்துப் பெட்டி தோள் கொடுக்கும்" என்று பெருமையடிப்பார். கடைசி வீடு மாமியார் வீடு. அதற்கு மட்டும் தன் வீட்டுப் பெட்டியைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. மாமியார் தன் பிடிக்குள் இருக்கட்டுமே!

மனைவி இப்போது அங்கேதான் இருந்தாள். "உனக்கு என்ன தெரியும்?" என்று இவர் ஒரு வார்த்தை விட்டார், அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. டம்ளர் கழுவும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. பேச ஆளில்லாமல் பிரிட்ஜோடு சண்டை போட ஆரம்பித்திருந்தார். தனிமை ஆளைத் தின்றது.

மத்தியானம் தன் வீட்டுப் பெட்டியை அணைத்தார். சீரியல் பாதியில் நின்றால் மாமியார் கத்துவார், மனைவி சண்டைக்கு வருவாள். சண்டைக்காவது வரட்டும். சட்டை மாற்றி, தலை வாரி, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார்.

ஈ காக்கைகூட வரவில்லை. பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனார்.

"நெட் வருதாம்மா?"

"ஜோரா வருதே, அண்ணே."

"கடைசி வீட்டுக்கு?"

"அங்கேயும்தான். அண்ணி நேத்தே எங்க மாடியில ஒரு பெட்டி மாட்டிட்டுப் போனாங்களே! 'அவருக்கு ரோஷம் வந்தா முதல்ல பெட்டியத்தான் அணைப்பாரு'ன்னு சொன்னாங்க."

சபதமாவது மண்ணாங்கட்டியாவது! மாமியார் வீட்டுக்கு ஓடினார். மனைவி வாசலில் நின்றாள்.

"வீட்டுக்கு வாம்மா. நீ இல்லாம என்னால இருக்க முடியல."

"இத மத்தியானமே சொல்லியிருக்கலாமே? பையக் கட்டி வெச்சுட்டு, 'வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு மெசேஜ் போட்டேன்."

"எனக்கு வரலையே!"

"பெட்டிய அணைச்சுட்டு உக்காந்தா எப்படி வரும்?"

"சரி, இப்ப வா."

"பதில் இல்லன்னதும் பையப் பிரிச்சு, துணியெல்லாம் ஊற வெச்சுட்டேன். துவைச்சுக் காஞ்சதும் வரேன்."

சிக்னல்காரர் அண்ணாந்து பார்த்தார். மழை கட்டிக்கொண்டு வந்தது.