இன்டர்வெல் மாமாவின் யுத்தக் காட்சி

தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சரித்திர சினிமாவை முழுசாக அனுபவித்தவர் எங்கள் இன்டர்வெல் மாமாதான். சந்தேகம் இருந்தால், நாற்பதுகளில் மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே எங்கள் தெருவில் குடியிருந்த யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு குறை. அவருடைய சினிமாவில் படம் மட்டும் தெரியாது. மற்றதெல்லாம் உண்டு.

அந்த சினிமா கிராமபோனில் ஓடியது. அந்தக் காலத்தில் சில படங்களுக்குக் கதை, வசனம், பாட்டு எல்லாவற்றையும் சுருக்கிப் பிளேட்டுகளாகப் போட்டு ஒரு பெட்டியில் விற்பார்கள். மாமா வாங்கியிருந்தது ஒரு சோழ ராஜாவின் கதை. துரோகியான மந்திரி, அழுகிற ராணி, சிறையில் இளவரசன், பெரிய யுத்தம், கடைசியில் பட்டாபிஷேகம். படத்தின் பெயரைச் சொன்னால் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

தியேட்டருக்கே போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், போயிருக்கிறார். யுத்தத்துக்குப் புறப்படுமுன் ராஜா ராணியிடம் விடைபெறும் கட்டத்தில் பெஞ்சு வகுப்பிலிருந்து யாரோ விசில் அடித்திருக்கிறான். மாமா எழுந்து நின்று, "ராஜா பேசிண்டிருக்கார், கொஞ்சம் மரியாதையா இருங்கோ" என்றார். "யோவ், குந்துய்யா, மறைக்குது" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. ராஜாவின் கௌரவத்தை உத்தேசித்து மாமா உட்கார மறுத்துவிட்டார். இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். யுத்தத்தில் ராஜா ஜெயித்தாரா தோற்றாரா என்றே தெரியாமல் வீடு திரும்பிய மனுஷர், மறு வாரம் கிராமபோனும் பிளேட்டுப் பெட்டியுமாக ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்.

மாமா கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். நான் அதே பக்கம் இன்னொரு ஆபீசில் கடைநிலை குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன். அவர் வீட்டு மாடி அறைக்குக் குடி கேட்டுப் போனபோது என் ஊர், உத்தியோகம் எதையும் அவர் கேட்கவில்லை. "சரித்திரத்துல ஈடுபாடு உண்டோ?" என்றார். உண்டு என்றேன். அறை கிடைத்துவிட்டது. அது எப்பேர்ப்பட்ட நிபந்தனை என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது.

கூடத்தில் பாய் விரித்து, ஜன்னலில் ஜமக்காளம் கட்டி இருட்டாக்கியிருந்தது. மாமா சலவை வேஷ்டி, சரிகை அங்கவஸ்திரத்தோடு கிராமபோன் பக்கத்தில் நின்றார். எனக்குப் பாய். மாமிக்கு ஊஞ்சல். பால் கறக்க வருகிற முனுசாமி, மாட்டை வாசலில் கட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். அது பெஞ்சு வகுப்பு.

பிளேட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். ஓடி முடிந்ததும் மாமா கையை உயர்த்தி, "இன்டர்வெல்" என்று அறிவிப்பார். பிறகு சாவி கொடுத்து, ஊசி மாற்றி, பிளேட்டைத் திருப்பிப் போடுவார். இருமல், தும்மல், தண்ணீர் குடிப்பது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். "மந்திரியாரே, இத்தனை காலமும் நீர் எனக்கு..." என்று ராஜா ஆரம்பிப்பார். "இன்டர்வெல்" என்பார் மாமா. மந்திரி என்ன செய்தார் என்று தெரியாமல் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

பட்டாபிஷேகத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். ஒரு தடவை மாமி முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பட்டாபிஷேகத்தும்போது அரிசி பொறுக்கலாமா?" என்று மாமா முறைத்தார்.

"அட்சதைக்கு அரிசி வேண்டாமான்னா?" என்றாள் மாமி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மாமா யோசித்துப் பார்த்து, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில் அந்தக் கூடத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒரு காலத்தில் இரண்டு மடங்கு நீளமாக இருந்த கூடம் அது. நடுவில் சுவர் எழுப்பி, அந்தப் பக்கத்தை மாமாவின் தம்பி வைத்துக்கொண்டிருந்தார். தம்பி மிருதங்க வித்வான். பெரிய சபாக்களில் கூப்பிடுகிற அளவுக்குப் பேர் இல்லை. கல்யாணக் கச்சேரி, பஜனை, ஹரிகதை என்று காலம் ஓடியது. அவர்கள் அப்பா காலமான வருஷம், மாமா தம்பியைக் கேட்காமலே தன் ஆபீஸில் சொல்லி அவருக்கு ஒரு குமாஸ்தா வேலை ஏற்பாடு செய்திருக்கிறார். தம்பி போகவில்லை. "தோலைத் தட்டிண்டு எத்தனை நாள் ஓட்டுவே?" என்று மாமா நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார். தம்பி எழுந்து போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அதோடு சரி. கிணற்றுப் பக்கம் மட்டும் சுவர் கொஞ்சம் குட்டை. அந்த வழியாக மாமியும் அவள் ஓர்ப்படியான தம்பி மனைவியும் கறிவேப்பிலையும் ரசமும் ஊர்ச் செய்தியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இது இரண்டு ஆண்களுக்கும் தெரியும். தெரியாது என்பதுபோல நடந்துகொள்வார்கள்.

பிறகு நிஜ யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. மாமாவும் மாமியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டார். வெண்கலப் பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டு, பிளேட்டுகளை மாமியின் கூறைப்புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். சில மாசம் கழித்துப் பயம் தெளிந்து ஊர் திரும்பியபோது பாத்திரங்கள் பத்திரமாக இருந்தன. பிளேட்டுகளில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. அதில்தான் யுத்தம் முழுக்க இருந்தது.

லஸ் பக்கம் கிராமபோன் ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் நானும் கூடப் போனேன். பாய் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ஒட்டலாம் சாமி. ஆனா ஊசி துள்ளும். ராஜா கத்தியை எடுக்கறதுக்குள்ள செத்துடுவாரு" என்றார். புதுசு கிடைக்குமா என்றால், சண்டையினால் பிளேட்டு செய்கிற அரக்குக்கே பஞ்சம், பிளேட்டு எங்கே வரும் என்று கையை விரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யுத்தத்தை நாங்களே நடத்துவது என்று மாமா தீர்மானித்தார். மாமிக்குத் தாம்பாளமும் கரண்டியும். முனுசாமிக்குக் குதிரை. என்னைப் பார்த்து, "நீர் யானையா இரும்" என்றார். நானும் என்னால் ஆன மட்டும் பிளிறினேன். வாசலில் கட்டியிருந்த மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு வடக்கு மாட வீதிப் பக்கம் ஓடியது. முனுசாமி குதிரையை நிறுத்திவிட்டு மாட்டின் பின்னால் ஓடினான். மாமி சிரித்துச் சிரித்துத் தாம்பாளத்தைக் கீழே போட்டாள். நானும் சிரித்துவிட்டேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அங்கவஸ்திரத்தை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால், "யுத்தம் நடந்தது. ராஜா ஜெயிச்சுட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த பிளேட்டைப் போட ஆரம்பித்தார். குரலில் சுரத்தே இருக்காது.

"இன்னா சாமி, சண்டையே போடாம கெலிச்சுட்டாரா?" என்று ஜன்னலிலிருந்து முனுசாமி கேட்டான்.

"ஜெயிச்சுட்டார்ப்பா. விடேன்."

"நெஞ்சுல நிக்கலியே சாமி."

மாமா அடுத்த பிளேட்டைப் போட்டார். அவர் நெஞ்சிலும் அது நிற்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஓரிரண்டு மாதம் இப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிறு, ராணியிடம் ராஜா விடைபெற்றாகிவிட்டது. மாமா இன்டர்வெல் சொல்லி ஊசியை எடுத்தார். யுத்தம் நடந்தது என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மிருதங்கம் பேச ஆரம்பித்தது.

முதலில் தூரத்தில் குளம்புச் சத்தம் மாதிரி, கேட்டும் கேட்காமலும். பிறகு கிட்டே வந்தது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அடி கும்மென்று விழுந்தபோது யானைகள் வந்துவிட்டன என்று எனக்கே தெரிந்தது. நான் யானையாக இருந்தவன் என்பதால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கத்தியோடு கத்தி மோதியது. ஒரு படை சரிந்தது. மறுபடி எழுந்தது. உடைந்த பிளேட்டில் யுத்தம் எவ்வளவு நேரம் நடந்ததோ அவ்வளவு நேரம் நடந்து, ஒரு தீர்மானத்தோடு நின்றது. பிளேட்டு உடைவதற்கு முன்னால் அதைச் சுவருக்குப் பின்னாலிருந்து அந்த மனுஷர் எத்தனை ஞாயிறு கேட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமா ஊசிக் கையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். பிறகு மெதுவாக அடுத்த பிளேட்டில் இறக்கினார். வெற்றி முரசு ஒலித்தது. மாமி அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பு அப்போது எரிந்துகொண்டிருக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் யுத்தம் தவறாமல் நடந்தது. மாமா கிராமபோனை நகர்த்தி, அதன் வாயைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். "வெளிச்சம் கண்ணைக் கூசறது" என்று காரணம் சொன்னார். ஜமக்காளம் கட்டிய கூடத்தில் வெளிச்சம் ஏது என்று நான் கேட்கவில்லை. தம்பியும் மற்ற இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைக்க ஆரம்பித்தார். ராணி அழுதால் மிருதங்கம் மெல்லத் தடவிக்கொடுக்கும். மந்திரி சூழ்ச்சி பேசினால் நடுவில் ஒரு குறும்பான மிருதங்கச் சொல் விழும். "அந்தாண்ட சாமி மந்திரிக்கு நல்லா வெச்சாரு" என்று முனுசாமி ரசிப்பான். ஆனால் தெருவில் எதிர்ப்பட்டால் அண்ணன் கோபுரத்தைப் பார்ப்பார், தம்பி காலைப் பார்ப்பார். இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று.

அப்புறம் ஒரு ஞாயிறு யுத்தம் வரவில்லை.

இன்டர்வெல் சொல்லிவிட்டு மாமா காத்திருந்தார். சுவர் சும்மா இருந்தது. வெற்றி முரசைப் போடலாமா என்று நான் ஜாடை காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்டர்வெல்" என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னார்.

"அவன் வாசிக்க மாட்டான்" என்றாள் மாமி. "வெள்ளிக்கிழமை காத்தாலேருந்து வலது கை விளங்கலை. வைத்தியர் வாதம்ங்கறார்."

மாமா திரும்பிப் பார்த்தார். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

மாமா கிராமபோனை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "பெட்டியைத் தூக்கும்" என்றார். நான் கிராமபோனைத் தூக்கிக்கொண்டேன். அவர் மிச்ச பிளேட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டார். எங்கள் வாசல்படி இறங்கி, அடுத்த வாசல்படி ஏறினோம். முனுசாமி ஜன்னலை விட்டு எழுந்து எங்களோடு வந்தான். சுவர் எழும்பியதிலிருந்து மாமா மிதிக்காத படி அது.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மிருதங்கம் உறையோடு மூலையில் இருந்தது.

"யுத்தம் பாக்கி இருக்குடா" என்றார் மாமா.

"கை வராது அண்ணா."

"இடது கைக்கு என்ன?"

"அது இருக்கு."

"பின்னே என்ன. வலது பக்கம் நான் தட்டறேன்."

தம்பி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மனைவியிடம் கண்ணைக் காட்டினார். உறையைக் கழற்றி மிருதங்கத்தைக் கட்டில்மேல் இருவருக்கும் நடுவில் வைத்தார்கள். மாமா சலவை வேஷ்டியோடு கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபைலைத் தட்டுவதுபோல அதைத் தட்டினார். அவ்வளவு மோசமான சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. என் யானை தேவலை.

"மெதுவா அண்ணா" என்றார் தம்பி. "குதிரை இன்னும் ஆத்தைத் தாண்டலை."

"எப்போ தாண்டும்?"

"சொல்றேன். என் கையைப் பாருங்கோ."

இடது கை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டியது. அண்ணனின் வலது கை தப்பும் தவறுமாகப் பின்னாலேயே போயிற்று. குதிரைகள் ஆற்றில் வழுக்கி விழுந்தன. யானை ஒன்று தப்பான பக்கம் திரும்பியது. இரண்டு பேர் நெற்றியிலும் வேர்த்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த முனுசாமி, "இப்பத்தான் சாமி நெஞ்சுல நிக்குது" என்றான். அன்றைக்கு ராஜா ஜெயிப்பதற்கு வெகு நேரம் ஆயிற்று.

அப்புறம் சினிமா அந்தக் கட்டிலண்டைதான். தம்பியின் கை ஓரளவு திரும்பியது. கச்சேரிக்குப் போகிற அளவுக்குத் திரும்பவில்லை. மாமா ஆபீஸ் விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேரே அங்கே போய்விடுவார். பாடம் நடந்தது. கடைசி வரைக்கும் அவருக்கு மிருதங்கம் வரவில்லை. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி தியாகராய நகருக்குக் குடிபோனேன். அந்தச் சமயம் பக்கத்துத் தியேட்டரில் அதே படம் திரும்ப வந்தது. எத்தனையோ தரம் கேட்ட படத்தை ஒரு தரமாவது பார்க்கலாம் என்று மாமாவையும் தம்பியையும் கூப்பிடப் போனேன். மாமா சிரித்தார். "நாங்கதான் வாரா வாரம் பாக்கறோமே. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ" என்றார்.

போனோம். ராஜாவுக்கு நான் நினைத்திருந்ததைவிடத் தொந்தி. மந்திரி பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தார். யுத்தம் வந்தது. நிஜக் குதிரைகள், நிஜ யானைகள், திரை கொள்ளாத கூட்டம். என் மனைவி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏன்னா, பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"நன்னாத்தான் இருக்கு" என்றேன். "ரெண்டு பேர் குறையறா."