தொண்ணூற்றாறாம் நாள் விழுந்த முட்டைக்கோஸ்

சாலை பஜார், திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் பொன்னுலிங்கம் அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் பிச்சைக்கனி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். தூத்துக்குடியில் நீரும் மதினியும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர். போனில் நீர் குறுக்கே பேசுவீர், நான் பயந்துபோய் மழையைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். விஷயத்தில் உள்ள பிழை அதைவிடப் பெரிது.

எல்லாம் என் மகன் பிரவின்ராஜால் வந்தது. கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல் கம்பெனிகளுக்காக, இங்கே கழக்கூட்டம் என்கிற ஊரில் உள்ள அவன் ஆபீஸில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை நடக்கிறது. முகம் கொடுத்துப் பேசாத கம்பெனிகள் எல்லாம் இப்போது ஒன்று கூடி, அவரவர் கப்பலில் நடந்த தவறைப் பேர் போடாமல் எழுதிவைக்க, மற்றவர்கள் படித்துச் சூதானமாக இருப்பார்களாம். நம் காலத்தில் அடுத்த கம்பெனிக் கப்பலுக்கு ஒரு படி உப்புக் கொடுத்ததற்கே கேப்டன் என்னை முறைத்தார். அந்தக் கம்பெனிகளின் கூட்டத்தில் பழைய ஆள் ஒருவர் பேச வேண்டும், வாங்கப்பா என்று பையன் கூப்பிட்டான். நான் கப்பலில் சமையல்காரன், எனக்குச் சாம்பாரைப் பற்றித்தான் பேச வரும் என்றேன். “அடிபடாம தப்பிச்ச கதை ஒண்ணு சொன்னா போதும்ப்பா, அதுக்குப் பேரு நியர் மிஸ்” என்றான். அப்படியானால் என் கல்யாணத்தைச் சொல்கிறேன் என்றேன். உம்ம தங்கச்சி பார்வதி அடுக்களையிலிருந்தே, “அது நடந்துட்டுல்லா, பின்ன என்ன மிஸ்ஸு?” என்றாள்.

போன வியாழக்கிழமை கோவளம் பக்கம் ஒரு ஓட்டலில் கூட்டம். மாடிப்படியிலேயே ஒருவர் வழிமறித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், அது விதி என்றார். என் ஒரு கையில் காப்பி, மறு கையில் வடை. வடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறினேன். மேலே நின்று கும்பிட்ட பெரிய அதிகாரிக்குப் பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. உட்கார்ந்ததும் ஒருவர் மைக்கில், தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி விளக்கினார். இவ்வளவு விவரமாகச் சொல்கிறார்களே, இன்றைக்குப் பிடித்துவிடும்போல என்று நான் நாற்காலியை வாசலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, என் பேரைக் கூப்பிட்ட நேரத்தில் வராந்தாவுக்கே போயிருந்தேன். பிரவின்ராஜின் மேலதிகாரி ஆஷா என்ற பெண் வந்து கையைப் பிடித்தாள். “அங்கிள், பேடிக்கண்டா. பேரொண்ணும் பறயண்டா, நடந்தது மட்டும் பறஞ்சா மதி” என்று மலையாளத்தில் தைரியம் சொன்னாள். பேர் சொல்ல வேண்டாம் என்றதும் எனக்குள் ஏதோ மூடி கழன்றுவிட்டது, மச்சான். சாம்பார் கொட்டிய கதை சொல்லத்தான் மேடை ஏறினேன். வாயில் வந்தது வேறு.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பம்பாய்க் கடலில் உம்ம கப்பலும் என் கப்பலும் ஒரே எண்ணெய் மேடைக்கு மாறி மாறிச் சாமான் கொண்டுபோகுமே, அந்தச் சாயங்காலங்கள் நினைவிருக்கிறதா? கம்பெனி வேறு வேறு, கடல் ஒன்றுதான். நான் சமையலறைக் கதவில் நின்று சிவப்பு லுங்கியை வீசினால் எங்களுக்கு அன்றைக்கு மீன், வெள்ளைத் துண்டை வீசினால் பருப்பு. நீர் பதிலுக்கு வீசுவது எப்போதும் உம்ம சமையல்காரனைத் திட்டுகிற மாதிரியே இருக்கும். தண்ணீர் செம்பு நிறமாகி, இரண்டு கப்பலிலும் விளக்குப் போடும் அந்த நேரம்போல இந்த ஊரில் ஒரு சாயங்காலம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

எங்கள் கப்பலில் ஒரு பலகை மாட்டியிருந்தது: விபத்து இல்லாத நாட்கள். நூறு ஆனால் ஆளுக்கொரு கைக்கடிகாரம். தொண்ணூற்றாறாம் நாள் மேடையின் கிரேன் எங்கள் தளத்திலிருந்து காய்கறிப் பெட்டியைத் தூக்கியது. மூன்று ஆள் உயரம் போனதும் பிரேக் நழுவி, பெட்டி சரேலென்று இறங்கி என் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. பெட்டி நின்றது; உள்ளே இருந்த முட்டைக்கோஸ் நிற்கவில்லை. ஒன்று என் மண்டையில் இறங்கியது. கேப்டன் கிரேனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். கோழிமுட்டை அளவு புடைப்போடு இல்லை சார் என்றேன். சிதறிய கோஸையெல்லாம் பொறுக்கி இராத்திரிக்குக் கூட்டு வைத்தேன். சாட்சியை எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கிரேன் ஓட்டினவனும் வாய் திறக்கவில்லை. அவனுக்கும் ஒரு பலகை இருந்திருக்கும்.

அன்றைக்கு வயர்லெஸ்ஸில் உம்மோடு பேசினேன். பிரவின்ராஜுக்கு முதல் பல் முளைத்ததைச் சொன்னேன். குடம்புளி தீர்ந்துபோனதைச் சொன்னேன். கிரேனைச் சொல்லவில்லை. இன்னும் நாலு நாள்தானே என்றிருந்தேன். கோஸ் விழுந்த எட்டாம் நாள் அதே கிரேன் உம்ம தளத்தில் இரும்புக் குழாய்க் கட்டை உம்ம இடது கால்மேல் இறக்கியது.

அந்தக் கடிகாரத்தை நான் கட்டவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கட்டினேன், மச்சான். ஆஸ்பத்திரிக்கு உம்மைப் பார்க்க வந்தபோதும் கட்டியிருந்தேன். “நல்லாருக்கே, எங்க வாங்குனீரு?” என்று படுக்கையில் கிடந்தபடி கேட்டீர். கம்பெனியில் கொடுத்தது என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லி முடித்தேன். அடிபட்டவர் யார் என்று ஒருவர் கேட்க, பேர் சொல்லக் கூடாது, என் பெண்டாட்டியின் அண்ணன் என்றேன். பிரவின்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் கதை நாளை எல்லாக் கப்பலுக்கும் ஒரு தாளாகப் போகிறது. பேர் இருக்காது, ஆனால் முட்டைக்கோஸ் இருக்கும், இடது கால் இருக்கும். உம்ம மகன் சுஜித் வேலை பார்க்கிற கப்பலின் சாப்பாட்டறையிலும் ஒட்டுவார்கள். அவன் எப்படியும் ஊருக்கு வரும்போதுதான் வாய் திறப்பான். அதற்குள் என் கையெழுத்தில் உமக்குத் தெரிந்துவிட வேண்டும்.

வருஷா வருஷம் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் நாள் தங்கச்சிக்கு அரிசியும் கருப்பட்டியும் சுமந்துகொண்டு தம்பானூர் ஸ்டேஷனில் இறங்குகிறீர். நான் பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போவது மரியாதைக்காக என்று நினைத்திருப்பீர். உம்ம நடையைப் பார்க்காமல் இருப்பதற்காக. இந்த மாசியில் நீர் வராவிட்டால் ஏன் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. என்மேல் உள்ள கோபத்தைத் தங்கச்சிமேல் மட்டும் காட்ட வேண்டாம். அவளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

மதினிக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. அம்மன் உமக்கு ஆயுளைக் கூட்டி, மனசையும் கொஞ்சம் இளக்கித் தரட்டும்.

இப்படிக்கு,
உம்ம முகத்தில் விழிக்கப் பயப்படும்
பிச்சைக்கனி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை உம்ம தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் கோஸ் விழுவதற்கு ஒரு வாரம் முன்பே உம்ம கப்பலில் அதே கிரேன் நழுவியதாமே? அங்கே நூறு நாளுக்கு மிக்ஸியாமே? கால் கட்டோடு வீட்டில் கிடந்தபோது இதை அவளிடம் சொல்லி, என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினீராமே? என் கதையை நான் தூக்கத்தில் உளறியே அவள் முழுசாகத் தெரிந்துகொண்டாளாம். இத்தனை வருஷம் ஏன் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஒருத்தரு புருஷன், ஒருத்தரு அண்ணன். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு கம்பெனில்லா, அங்க உள்ளத நான் எப்படி இங்க சொல்லுவேன்?” என்றாள்.

ஆகவே, மச்சான், இந்தக் கடிதம் நீர் எனக்கு எழுதியிருக்க வேண்டியது. இன்னொன்று எழுத எனக்குக் கை வலிக்கிறது. பிச்சைக்கனி என்று இருக்கும் இடத்தில் அடித்துவிட்டுப் பொன்னுலிங்கம் என்று போடும். முட்டைக்கோஸை அடித்து, உம்ம கப்பலில் விழுந்தது எதுவோ அதை எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும். பிரவின்ராஜ் அதையும் சேர்த்துக்கொள்வான். கால் பற்றிய வரியை மட்டும் தொட வேண்டாம். யார் பேரைப் போட்டாலும் அது உம்ம கால்தான்.