வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரி

இலக்கு வைப்பதில் மாயக்கண்ணன் மன்னர். அடைவதில்தான் கொஞ்சம் சிரமம். தொப்பையைக் குறைக்க வாங்கிய ஷூ, கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யோகா விரிப்பில் வத்தல் காய்கிறது. இந்தி கற்கத் தொடங்கி மூன்று வரை எண்ணினார். நான்காவது எண் அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

ஆவணியில் ஒரு நாள், கானாடுகாத்தானில் வேலை முடித்து டவுன் பஸ்ஸில் கோட்டையூர் திரும்பினார். பஸ்ஸிலிருந்து வழக்கமாக வயிறுதான் முதலில் இறங்கும். அன்று நெஞ்சு முதலில் இறங்கியது. வாசலில் நின்ற அனுசுயாவுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. புருஷனுக்குப் புது இலக்கு வந்திருக்கிறது.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறார் சாலா ஆச்சி. அங்கே வரவேற்பு மேஜையில் மாயக்கண்ணனுக்கு வேலை. சாவியை எடுத்துக் கொடுப்பார், வாங்கி ஆணியில் மாட்டுவார். அன்று ஆச்சி எல்லோரையும் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு இலக்கு சொல்லச் சொன்னாராம். வேலையில் ஒன்று, வீட்டில் ஒன்று. பொங்கலுக்குள் மேனேஜர் ஆவேன் என்று மாயக்கண்ணன் எழுந்து சொல்லிவிட்டார்.

ஆச்சி சிரிக்கவில்லை. ஆகலாம் என்றார். ஆனால் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். அவர்கள் என்ன குறை சொன்னாலும் முகம் கோணக் கூடாது. மார்கழியில் வந்து பார்ப்பேன், சரியாக வரவில்லை என்றால் மெட்ராஸிலிருந்து ஆள் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார்.

"சரி, வீட்டு இலக்கு என்னன்னு சொன்னீக?" என்று கேட்டாள் அனுசுயா.

"அதுவா. பொண்டாட்டிக்கு ஒத்தாசையா இருப்பேன்னு சொல்லி வச்சேன். பொம்பளை முதலாளியில்ல, கேக்க நல்லா இருக்கும்."

மாயக்கண்ணன் பெரிதாகச் சிரித்தார். அனுசுயாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஆனால் மேனேஜர் விஷயம் விளையாட்டில்லை. இந்த ஒன்றுக்கு அவர் மெய்யாகவே ஆசைப்பட்டார். வயது நாற்பத்தெட்டு. இன்னொருவன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், ரிட்டயர் ஆகும்வரை சாவி மாட்டும் ஆணிக்கும் தனக்கும் வித்தியாசம் இருக்காது. இங்கிலீஷோ, கண்ணாடி முன்னால் நன்றாக வந்தது. ஆள் முன்னால் போனால் ஓடி ஒளிந்துகொண்டது.

அனுசுயாதான் வழி சொன்னாள். தினமும் சாயங்காலம் அவள் வெள்ளைக்கார விருந்தாளியாக இருப்பாள். அவர் இந்த வீட்டையே சுற்றிக் காட்டட்டும். இரண்டு அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீடு அன்றைக்கே அரண்மனை ஆனது.

"திஸ் இஸ் பர்மா டீக் பில்லர்" என்று மாயக்கண்ணன் இரும்புப் பீரோவைக் காட்டினார்.

விருந்தாளி அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "தூண்ல என்ன இம்புட்டுத் தூசி?"

"அது பீரோடி."

"விருந்தாளிய 'டி' போட்டா பேசுவீக, உங்க ஹோட்டல்ல?"

"சாரி மேடம். அது சரி, வெள்ளைக்காரி எப்படித் தமிழ் பேசுவா?"

"பாண்டிச்சேரியில பத்து வருசம் இருந்தவ. நீங்க இங்கிலீஷ்லயே சொல்லுங்க. அப்படியே அங்குட்டு மூலையில ஒட்டடை தொங்குது, அதையும் பாருங்க."

பார்த்தார். மறுநாள் விருந்தாளிக்கு ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை. அடுத்த நாள் போர்வை கசங்கியிருந்தது. அதற்கும் அடுத்த நாள் விருந்தாளி காபி கேட்டாள்.

"என்னையவா காபி போடச் சொல்றே?"

"மேனேஜர் போட வேணாம். மேனேஜர் ஆகணும்னு இருக்கிறவுக போடலாம்."

முதல் காபி திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் பாதியைக் குடித்தாள். அன்று மாயக்கண்ணன் அடைந்த மகிழ்ச்சி அவர் கல்யாணத்தன்றுகூட அடையாதது. சாப்பிட்ட தட்டை விருந்தாளியா கழுவுவாள்? அதுவும், காலைக் காபியும் அவர் கணக்கில் சேர்ந்தன. கொடியில் துணி காயப்போட்டவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அசந்து நின்றாள். வேலைக்குப் பிராக்டிஸ் என்றார். இந்தப் பிராக்டிஸ் தன் வீட்டுக்காரர் சேவுகனுக்கும் கிடைக்குமா என்று அவள் அனுசுயாவிடம் தனியாக விசாரித்துவிட்டுப் போனாள்.

கார்த்திகைக்குள் இங்கிலீஷ் பணிந்துவிட்டது. "ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்" தூக்கத்திலும் வந்தது.

மார்கழியில் ஆச்சி வந்தார். அன்று ஹோட்டலில் இருந்தவள் நிஜமான பிரெஞ்சுக்காரி. வெந்நீர் சுடவில்லை, காபியில் சர்க்கரை அதிகம், மயில் காலையில் கத்துகிறது, தூணில் தூசி. மற்ற ஊழியர்கள் வெளிறிப்போனார்கள். மாயக்கண்ணனுக்கோ சொந்த வீட்டில் நிற்பதுபோல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து துணி தானாக வெளியே வந்தது. தூணைத் துடைத்தபடியே, அது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த கதையை இங்கிலீஷில் சொன்னார். மயிலுக்காகவும் வருத்தம் தெரிவித்தார். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். மறுநாள் கிளம்ப இருந்தவள், இன்னும் இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னாள்.

"பொங்கல்ல இருந்து நீதான் மேனேஜர்" என்றார் ஆச்சி. "வேலை இலக்கு முடிஞ்சது. வீட்டு இலக்கு என்னாச்சு?"

மாயக்கண்ணன் ஒரு பொய்யோடு வாயைத் திறந்தார். அப்போதுதான் யோசித்தார். காலைக் காபி யார் போட்டது? அவர். போர்வை மடித்தது? அவர். பாத்திரம்? அவரே. பொய்க்கு அவசியமே இல்லை. அதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது.

"அதுவும் முடிஞ்சிருச்சு, ஆச்சி" என்றார்.

அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அனுசுயா நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் கால் நீட்டியிருந்தாள். செய்தியைக் கேட்டதும் அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நான் சும்மா சொன்ன ஒத்தாசைய மனசுல வச்சுக்கிட்டுத்தான இத்தனை மாசமா நாடகம் போட்டே?"

"நீங்க வச்ச இலக்குதானங்க. வழக்கம்போலப் பாதியில விட்டுருவீகன்னு பயந்தேன்."

கோபப்படலாம் என்று பார்த்தார். வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இலக்கை முடித்திருக்கிறார், அதுவும் இரண்டாக. கொல்லைக் கதவில் முட்டுக் கொடுத்திருந்த ஷூகூட அன்று அவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தது. எதிரில் இருந்த நாற்காலியில் சாய்ந்து, மேனேஜர் குரலில் சொன்னார்.

"சரி, பிராக்டிஸ் முடிஞ்சது. சூடா ஒரு காபி போட்டுக் கொண்டா, பாப்போம்."

அனுசுயா முக்காலியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"நான் இன்னும் ரூமைக் காலி பண்ணலையே, மேனேஜர் சார்."