தங்கம்மை வருகிறாள், கம்பியைக் கழற்றுங்கள்

அருமனைப் பக்கத்தில் மைக் இல்லாமல் பேசத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஜீப் டிரைவர்தான். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கல்யாணம், சாவு என எதற்கும் ஜீப்பின் மேல் குழாய் கட்டி, ஊர் சுற்றி அறிவித்தவர். ஊர் வைத்த பெயர் மைக்செட். சாயக்கடை வாசலில் நிறுத்தினால் இறங்க மாட்டார். “ரெண்டு சாயா. ஒண்ணுக்கு மதுரம் போடாண்டாம்” என்று ஒலிபெருக்கியிலேயே சொல்வார். அவருக்குச் சர்க்கரை நோய் என்பது இப்படித்தான் சுற்று வட்டாரத்துக்கே தெரிந்தது.

அவரைத்தான் கரடி ஆய்வுக்கு வண்டியோட்ட அமர்த்தினார்கள். நான் அதில் சிக்னல் பார்ப்பவள். கழுத்துப்பட்டை மாட்டிய கரடியைப் பின்தொடர மூன்று தேவை: ஆன்டெனா, ரிசீவர், வாயை மூடத் தெரிந்த ஆட்கள். முதல் இரண்டும் எங்களிடம் இருந்தன.

எங்கள் கணக்கில் அது ‘பெண் கரடி 2’. மைக்செட்டுக்கு அது பொறுக்கவில்லை.

“பிள்ளைக்காரிய நம்பர் சொல்லியா விளிக்கியது? ஜெயிலா இது?”

தங்கம்மை என்று அவரே பெயரிட்டார். தங்கம்மை முதுகில் குட்டியைச் சுமந்து திரிந்தாள்.

பலாச்சக்கை பழுக்கும் காலத்தில் கரடி மலையிலிருந்து இறங்கும். மரச்சீனிக் கிழங்கு தின்னக் காட்டுப்பன்றியும் இறங்கும். சட்டம் என்ன சொன்னாலும், பன்றியை வேட்டையாடத் தோட்ட ஓரங்களில் சுருக்குக் கம்பி கட்டுகிற பருவமும் அதுதான். மாட்டுவது பன்றியா கரடியா என்று கம்பி பார்க்காது. வனக்காவலர்கள் ஒரு பக்கம் கழற்றினால் மறுபக்கம் முளைக்கும்.

அன்று மாலை ரிசீவரில் டிக் டிக் ஓசை கூடிக்கொண்டே வந்தது. தங்கம்மை நேராகக் கம்பிகள் நிறைந்த ரப்பர் தோட்டத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள்.

“எப்பம் வருவா மோளே?”

“வெளுக்கியதுக்கு முன்ன வந்திரும் அண்ணா. ஆபீசர்ட்ட சொல்லியாச்சு. நீங்க ஒருத்தருட்டயும் மூச்சு விடப்பிடாது.”

“நான் எதுக்கு மூச்சு விடுதேன்?” என்றவர் வண்டியைக் கிளப்பி ஊருக்குள் விட்டார். மைக்கை எடுத்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! நமது அருமை மகள் தங்கம்மை என்னும் கரடி, கைக்குழந்தை சகிதம் மலையிறங்கி வருகிறாள். அவளது கழுத்துப்பட்டையில் சுருக்குக் கம்பி முட்டினால், கம்பி கட்டியவரின் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு நம்பர் அனைத்தும் அந்த நிமிடமே வன அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!”

“அண்ணா! என்ன செய்யிதிய?”

“எந்தப் பக்கம் வாறான்னு நான் சொன்னனா?” என்று கேட்டார். இதையும் மைக்கில்தான் கேட்டார்.

பட்டைக்கு அப்படியொரு வித்தை தெரியாது. தான் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். ஆனால் ஊர் நம்பியது. நம்பாமல் எப்படி? இறந்துவிட்டதாக மைக்செட் அறிவித்த யாரும் அதுவரை எழுந்து வந்ததில்லை.

காலையில் சிக்னல் மலையை நோக்கித் திரும்பியிருந்தது. தோட்டத்தில் பிய்த்தெறிந்த சக்கைமடல் கிடந்தது. ஒரு கம்பிகூட இல்லை. சாயக்கடைக்குப் பின்னால் கம்பிச் சுருள்கள் குவிந்து கிடந்தன. ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் தலையைச் சொறிந்தபடி என்னிடம் வந்தார்.

“கம்பிய அவுத்தாச்சு பிள்ளே. எனக்க பேரு உள்ள ஏறியிருந்தா அழிச்சிருவியளா?”

மைக்செட் வானத்தைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து, ஒன்றுமில்லாத பக்கத்தில் டெலிட்டை அழுத்தினேன்.

“அழிச்சாச்சு.”

“அப்பாக்க பேரு?”

மறுபடியும் அழுத்தினேன்.

ஆய்வு முடிந்தபோது பட்டை தானாகக் கழன்று விழுந்தது, அப்படித்தான் செய்திருந்தார்கள். பாறையிடுக்கிலிருந்து எடுத்து வந்தோம். இனி தங்கம்மை எங்கே என்று யாருக்கும் தெரியாது. மைக்செட் அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தினார். மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினார். மலையைப் பார்த்து, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்கிற குரலில் சொன்னார்:

“பிள்ளைய பாத்துக்க மக்ளே.”

மைக் இல்லாமலும் அவருக்குப் பேசத் தெரியும். இதை இதுவரை நான் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.