என் ஆய்வு அரங்கேறிய கதை

வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றுதான். உங்கள் படிப்பைப் பற்றி அப்பா அம்மா ஏதாவது கேட்டால், "ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். தீயணைப்பு வண்டி வந்தது.

சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் இறங்கி, பஸ் பிடித்து, மலைப்பக்கம் போனால் வரும் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் நான் படித்தேன். மெய்யியல், இலக்கியம், வரலாறு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பிப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து கதைப்பதுதான் வகுப்பு. (இது என்ன வேலைக்கான படிப்பு என்று பேர்ணில் எங்கள் தமிழ்ச் சனம் விடாமல் கேட்டது. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.) முழு உதவித்தொகை கிடைத்ததால் போனேன். அப்பாவுக்கு ஹோட்டல் சமையலறையில் வேலை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கிளீனிங். இருவருடைய பள்ளிக்கூடமும் ஊரில் நடந்த போரோடு பாதியில் நின்றுபோனது.

அந்தக் கல்லூரியில் பேராசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் ஆய்வுக்குப் பொறுப்பானவர் ஹெலென். அம்மாவைவிட மூத்தவர். அவரை "ஹெலென்" என்று கூப்பிட என் நாக்கு நாலு வருடமும் மறுத்துவிட்டது. பக்கத்தில் போய் நின்று, அவர் திரும்பும்வரை இருமுவேன். (எனக்கு ஆஸ்துமா என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது பின்னால்தான் தெரிந்தது.)

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்த விஷயம் மௌனம். மனிதர்கள் ஏன் சிலவற்றைச் சொல்லாமலே விடுகிறார்கள்? இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஹெலென் கேட்டபோது, வாயில் நுழையாத இரண்டு ஜெர்மன் பெயர்களைச் சொன்னேன். உண்மையில் அது எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அந்த வருடம் அம்மாவுக்குப் புற்றுநோய் திரும்பியிருந்தது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "வருத்தம்" என்போம், ஏதோ சாதாரணக் காய்ச்சல் மாதிரி, அதையும் மெதுவாக. கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை, பேர்ண் ஸ்டேஷன் வாசலில், டிராம் இரைந்து வரும் நேரமாகப் பார்த்துத்தான் அப்பா என்னிடம் சொன்னார். நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மே மாதம் ஒருநாள் அப்பா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எழுதிக் குடுத்தாச் சரியோ? படிப்பு முடிஞ்சுதோ?"

"இல்லையப்பா. எல்லாருக்கும் முன்னாலை நிண்டு விளங்கப்படுத்திக் காட்டவேணும். ரெண்டு புரொஃபசர்மார் இருந்து பாப்பினம். அவையள் சரியெண்டாத்தான் முடிஞ்ச மாதிரி."

"வெளியாக்கள் வரலாமோ?"

"வீட்டுக்காரர் வரலாம்."

"அப்ப இது அரங்கேற்றம்."

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

அப்பா சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார்.

சுவிஸில் எங்கள் சனத்தின் அரங்கேற்றத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பரதநாட்டியம் பழகிய பிள்ளை முதன்முதலாக மேடையேறும் நாள் அது. மண்டபம், அழைப்பிதழ், குத்துவிளக்கு, பொன்னாடை, வீடியோ, சாப்பாடு என்று ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை மட்டும்தான் குறையாக இருக்கும். நான் ஒரே பிள்ளை, அதிலும் ஆடத் தெரியாத பிள்ளை. அப்பாவும் அம்மாவும் வருடக்கணக்காக மற்றவர்களின் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தவர்கள்.

ஆய்வை விளக்கிக் காட்ட வேண்டிய நாள் காலை, கல்லூரியில் ஒரு சின்ன வகுப்பறையில் கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. பெரியம்மா இறங்கினார். மாமா குத்துவிளக்கோடு இறங்கினார். கோயில்காரர் இறங்கினார்கள். ஷ்லீரனிலிருந்து வீடியோ ரவி அண்ணை இரண்டு கமராவோடு இறங்கினார். மட்டன் ரோல் தட்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. எல்லார் கையிலும் அழைப்பிதழ். அதிலிருந்த படத்தில் நான் கன்னத்தில் கைவைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தேன். (தலை என்னுடையது. கை யாருடையது என்று இன்றுவரை தெரியாது.)

கடைசியாக, சக்கர நாற்காலியில் அம்மா. தலையில் கம்பளித் தொப்பி. உடம்பில் கூறைச்சேலை, அவருடைய கலியாணச் சேலை.

நான் அப்பாவை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னப்பா இது? இண்டைக்கு எனக்குச் சோதினை!"

"ஓம், தெரியும். நீ சோதினையைச் செய். நாங்கள் பின்னுக்கு இருப்பம்."

"அம்மா ஏன் கூறை கட்டியிருக்கிறா?"

அப்பா ரோல் தட்டை மற்றக் கைக்கு மாற்றினார். "உன்ர கலியாணத்துக்குக் கட்டவெண்டு எடுத்து வைச்சிருந்தவ," என்றார். "நீ போ. நேரம் போகுது."

மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. (மௌனத்தில் பட்டம் வாங்கப் போகிறவன் அல்லவா!)

விளக்கின் ஒரு திரியை ஹெலென் ஏற்றினார். அவருக்கு ஒரே குதூகலம். நான் பேசத் தொடங்கினேன். ரவி அண்ணை முன்வரிசைக்குக் குறுக்கே குனிந்து போய் மாமாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "அண்ணை, கொஞ்சம் புகை இருந்தாப் படம் இன்னும் வடிவா வரும்." மாமா தயாராகத்தான் வந்திருந்தார். பையிலிருந்து சாம்பிராணிச் சட்டியை எடுத்துப் பற்றவைத்தார்.

மற்றப் பேராசிரியர் சிரிக்கத் தெரியாத மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்: "உங்கள் கருத்தில், முழுமையான மௌனம் சாத்தியமா?"

நான் வாயைத் திறந்தேன். கட்டிடம் முழுவதும் அலாரம் அலறியது.

அதுவும் நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்துப் பெரியம்மா கைதட்டினார்.

எல்லாரும் புல்தரைக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கிராமத்துத் தீயணைப்புப் படை வந்து இறங்கி, உள்ளே ஓடி, சாம்பிராணிச் சட்டியோடு திரும்பி வந்தது. கல்லூரித் தலைவருக்கென்று கொண்டுவந்த பொன்னாடை ஒன்று மிச்சம் இருந்தது. அவர் அன்று ஊரில் இல்லை. அப்பா அதைத் தீயணைப்புத் தலைவருக்குப் போர்த்தினார். அந்த மனிதர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை," என்றார் ரவி அண்ணை. "படம் சரியா விழேல்லை."

நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நானும் மற்றவர்களைப் போல ஒருவன்தான் என்று காட்ட நாலு வருடம் பாடுபட்டிருந்தேன். அந்தப் பாடெல்லாம் இப்போது தீயணைப்புப் படையோடு சேர்ந்து மட்டன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஹெலென் என்னைத் தேடி வந்தார். நான் பழக்கதோஷத்தில் இருமினேன்.

"இங்கேயே முடித்துவிடுவோம்," என்றார். "முதலில், நீ எழுதியதை இவர்களுக்கு உங்கள் மொழியில் சொல். தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள்."

புல்தரை நடுவில் போய் நின்றேன். அவ்வளவு பக்கங்களையும் ஆங்கிலத்தில் எழுதியவனுக்குத் தமிழில் ஒரு வசனம் வரவில்லை.

"மனுசர்... சொல்லாம விடுற விசயங்களைப் பற்றி எழுதியிருக்கிறன்," என்றேன். "சில பேர் ஏன் சொல்லுறேல்லை எண்டா, சொன்னா மற்றவை தாங்கமாட்டினம் எண்டு..."

அம்மாவைப் பார்த்துவிட்டேன். குரல் உள்ளே போய்விட்டது.

அம்மா எல்லாருக்கும் பின்னால், குடைக்குக் கீழே இருந்தார். பல வாரங்களாக அவருடைய பேச்சு முணுமுணுப்பாகத்தான் இருந்தது. அந்த அம்மா, எங்கிருந்து வந்த பலமோ, கையை உயர்த்திக் கத்தினார்:

"தம்பி! பின்னுக்குக் கேக்கேல்லை! சத்தமாச் சொல்லு!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவும் தொப்பி கண்வரை சரியச் சரியச் சிரித்தார்.

நான் சத்தமாகச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். சொல்லி முடிய, "இதுக்கோ நாலு வருசம்?" என்று மாமா பெரியம்மாவிடம் கேட்டதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

பாஸ் போட்டார்கள். வாதம் கொஞ்சம் பலவீனம், ஆனால் முழு மௌனம் சாத்தியமில்லை என்பது ஐயமின்றி நிரூபிக்கப்பட்டது என்றார் அந்தச் சிரிக்காத மனிதர்.

டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தக் கோடையிலேயே, பேர்ணில், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் பேச வேண்டியிருந்தது. அதே சனம், கறுப்பு உடுப்பில். அதே கூறை, அம்மாவுக்குக் கடைசியாக. முதல் வசனத்திலேயே குரல் நின்றுவிட்டது. யாரும் அசையவில்லை. என் கட்டுரையில் இப்படி ஒரு மௌனத்தைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதியிருக்கவில்லை.

முன்வரிசையில் தலைகுனிந்திருந்த அப்பா, நிமிராமலே சொன்னார்: "தம்பி, பின்னுக்குக் கேக்கேல்லை."

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அழுதுகொண்டே அப்படிச் சிரித்தோம். என்னவோ ஏதோ என்று மண்டப ஊழியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது விழுங்கி விழுங்கிச் சொன்னால் இதுதான் பதில். போன கிழமை அப்பா டாக்டரிடம் போய்விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றியபடி, "ஒண்டுமில்லை," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா, பின்னுக்குக் கேக்கேல்லை," என்றேன்.

மற்றக் காலின் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிரஷர் கூடிப்போச்சாம்," என்றார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. "உப்பைக் குறைக்கட்டாம். மட்டன் ரோலும் கூடாதாம்."