தினமும் நான் ஓடிய எட்டு கிலோமீட்டர்

பெண் ஒருத்தி என்னிடம் கேள்வி கேட்டால் நான் பொய்தான் சொல்வேன் என்பது இருபத்தாறு வயது வரை எனக்கே தெரியாது. அதுவரை எந்தப் பெண்ணும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில், ஹைதராபாத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலையில் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போடும் வேலை. எங்கள் டிஸ்பென்சரிக்கு லேப் டெக்னீஷியனாக ஸ்டெல்லா புதிதாக வந்திருந்தாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒருநாள் கேன்டீனில் படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள்.

"ராஜன் சார், ரொம்பக் கடுமையா எக்சர்சைஸ் செஞ்சா ரத்தத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன ஆகுதுன்னு நம்ம டாக்டர் ரமாதேவி மேடம் ஆராய்ச்சி பண்றாங்க. தினமும் எக்சர்சைஸ் செய்யறவங்க பத்துப் பேர், செய்யாதவங்க பத்துப் பேர் வேணும். உங்களைச் செய்யாதவங்க லிஸ்ட்ல எழுதிக்கட்டுமா?"

(பார்த்தவுடனேயே முடிவு கட்டிவிட்டாள், பாருங்கள்!)

"ஏன்? தினமும் காலையில லாலாகுடாவிலேர்ந்து ஹப்சிகுடா வரைக்கும் ஓடறேன். போக வர எட்டு கிலோமீட்டர். அஞ்சு வருஷமா."

"ஹவ்வா! அப்படியா!" என்று கண்ணை விரித்தாள்.

(லாலாகுடாவில் நான் ஓடியது உண்மைதான். பஸ்ஸுக்குப் பின்னால், நாற்பது அடி.)

சோதனை நாளில் டிஸ்பென்சரியில் இடத்தை விட்டு நகராத சைக்கிள் ஒன்று நின்றது. மிதிக்க மிதிக்க பாரம் கூடும். முடியவில்லை என்று சொல்லும்வரை மிதிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஏறியவர் வெல்டர் யாதகிரி. வேலைக்குத் தினமும் சைக்கிளில் வருகிறவர். இருபது நிமிடம் மிதித்துவிட்டு, "அய்ப்போயிந்தா மேடம்?" என்று, அதற்குள் முடிந்துவிட்டதா என்ற ஏமாற்றத்தோடு இறங்கினார்.

ஸ்டெல்லா பார்க்கிறாள் என்பதால் நான் எடுத்த எடுப்பிலேயே உச்ச வேகத்தில் கிளம்பினேன். மூன்றாவது நிமிடம் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. "நிறுத்திடலாமா?" என்றார் டாக்டர் ரமாதேவி. "நக்கோ, வேண்டாம்" என்றேன். ஐந்தாவது நிமிடம் இரண்டு ஸ்டெல்லாக்கள் தெரிந்தார்கள். இறங்கினேன். காலையில் சாப்பிட்ட நான்கு பூரியும் என்னோடு இறங்கி, டாக்டரின் செருப்பில் சேர்ந்தன. தரையில் கிடந்த என்னிடமிருந்தே ஸ்டெல்லா ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை, எக்சர்சைஸ் செய்கிறவர்கள் லிஸ்டில் இருந்த எங்கள் பத்துப் பேரையும் டாக்டர் கூப்பிட்டார். ஸ்டாண்டில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள்.

"மூச்சு முட்ட உழைக்கும்போது, நாம இழுக்கிற ஆக்ஸிஜன்லேர்ந்தே சில முரட்டுத் துகள்கள் உண்டாகுது. இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி அது ரத்தத்துல இருக்கிற கொழுப்பைக் கெடுக்கும். ரத்தக் குழாயோட உள்சுவரும் கொஞ்ச நேரம் விறைச்சுக்கும். தினமும் பழகின உடம்பு இதைச் சமாளிச்சிடும்னு நினைச்சேன். சேதம் அதிகமானா குழாயில ரோஸ் கலர் அதிகமாத் தெரியும்."

ஒன்பது குழாய்கள் வெளிறியிருந்தன. பத்தாவது, சுத்தமான ரோஸ்மில்க். அதில் என் பெயர் ஒட்டியிருந்தது.

"அஞ்சு வருஷம் ஓடினவருக்கே இப்படியா? சோதனையிலதான் ஏதோ தப்பு. எல்லோருக்கும் மறுபடி எடுத்துடலாம்" என்றார் டாக்டர். சைக்கிளுக்கு அஞ்சாத யாதகிரி ஊசி என்றதும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான் குழாயை மாத்தி வெச்சிட்டேன் போல மேடம்" என்றாள் ஸ்டெல்லா. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. என் ஒரு பொய்யால் அவள் வேலைக்கே ஆபத்து வரும் என்று அப்போதுதான் உறைத்தது.

"மேடம்… அவங்க மேல தப்பில்லை. நான் பஸ் பின்னால மட்டும்தான் ஓடுவேன்."

டாக்டர் பேனாவைத் திறந்து, "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார். யாதகிரி சிரித்த சிரிப்பு டிராயிங் செக்‌ஷன் வரை கேட்டதாம்.

ஸ்டெல்லா நான்கு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அத்தனை பேர் முன்னாடி ஒத்துக்கிட்டீங்களே, அதுக்காகத்தான் வந்தேன். இன்னொரு பொய் சொன்னா, உடனே ஊசியை எடுத்துடுவேன்."

இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டோம்.

டாக்டரின் கட்டுரை அச்சானபோது அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: தன் பழக்கம் பற்றித் தவறான தகவல் தந்ததால் ஒருவர் நீக்கப்பட்டார். ஸ்டெல்லா அந்த வரியைத் தமிழில் பெரிதாக எழுதி, அந்தப் பக்கத்தோடு சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வீட்டில் பேசுவது பாதி தெலுங்கு. ஆனாலும் தான் கட்டிக்கொள்ளப்போகும் பையனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, என்னைச் சுத்தத் தமிழில்தான் அறிமுகம் செய்தாள்:

"இவர்தான் எங்கப்பா. நீக்கப்பட்ட ஒருவர்."